கண்ணாடிக்காரர் ஆக்சில் மாற்றிய கதை

கடைத்தெருவில் மருந்துக்கடைக்கும் செருப்புக்கடைக்கும் நடுவே, பருமனான ஆள் பக்கவாட்டில் திரும்பித்தான் நுழைய முடியும் என்கிற அகலத்தில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடை. அதை நடத்தியவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. தெருவில் யாரும் அதைத் தேடியதில்லை. கண்ணாடிக்காரர் என்று சொன்னால் போதும், கை நேராக அந்தக் கடையைக் காட்டும். ஐம்பத்து மூன்று வயது, ஒல்லி உடம்பு, சட்டைப் பையில் எப்போதும் ஒரு குட்டி ஸ்க்ரூடிரைவர். தங்கமான மனுஷர். ஒரே ஒரு குறைதான். 'தப்பு பண்ணிட்டேன்' என்று வாயால் சொல்ல வராது. நாக்கு அந்த இடத்துக்கு வந்ததும் சண்டி மாடு மாதிரி நின்றுவிடும்.

இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு லென்ஸைக்கூட மாற்றிப் போட்டதில்லை என்று பீற்றிக்கொள்வார். தெருவுக்குத் தெரியும். ஒரு தடவை ஒரு அம்மா புதுக்கண்ணாடி போட்டுக்கொண்டு சுவரைப் பிடித்துக்கொண்டே கடைக்கு வந்தார். "படி இறங்கினா படி ரெண்டு ரெண்டாத் தெரியுதுங்க" என்றார். வலக்கண் லென்ஸ் இடப்பக்கமும், இடக்கண் லென்ஸ் வலப்பக்கமும் உட்கார்ந்திருந்தன. கண்ணாடிக்காரர் பார்த்ததுமே கண்டுகொண்டார். வாய் என்ன சொன்னது தெரியுமா? "பழகிடும்மா. ரெண்டு நாள் போட்டுப் பாருங்க." மூன்றாம் நாள் அந்த அம்மா மறுபடியும் வந்து நின்றார். இவர் "துடைச்சுத் தர்றேன்" என்று உள்ளே எடுத்துப் போய் இரண்டு லென்ஸையும் இடம் மாற்றிப் போட்டுக்கொண்டு வந்து நீட்டினார். போட்டுப் பார்த்த அம்மாவுக்கு முகமெல்லாம் வெளிச்சம். "பாத்தீங்களா, பழகிடுச்சு" என்றாரே பார்க்கலாம்!

இப்படிப்பட்டவருக்கு வாய்த்த மனைவி ஒரு பள்ளிக்கூட டீச்சர். நாளெல்லாம் அடுத்தவர் தப்பைச் சிவப்பு மையால் சுழிப்பதுதான் அவருக்கு வேலை. கல்யாணமாகி இருபத்தாறு வருஷம் ஆகியும் இந்த ஒரு நோட்டை மட்டும் அவரால் திருத்த முடியவில்லை. வீட்டுச் சாப்பாட்டு மேசையில் பாதியை லென்ஸ் பெட்டிகள் பிடித்துக்கொண்டிருக்கும். மீதிப் பாதியின் ஓரத்தில் முழங்கையை ஒடுக்கிக்கொண்டு டீச்சர் நோட்டுத் திருத்துவார். பக்கத்தில் ரேடியோ பாடும். ரேடியோவோடு கண்ணாடிக்காரரும் பாடுவார்.

அந்த டீச்சருக்குத் தலைமை ஆசிரியராகப் பதவி உயர்வு வந்தது. கூடவே மாற்றலும் வந்தது, மலை மேல் இருக்கும் பள்ளிக்கூடத்துக்கு. மொத்தம் பதினோரு கிலோமீட்டர். முதல் ஏழு தார்ச்சாலை. கடைசி நாலு, பாதை என்று சொன்னால் பாதை கோபித்துக்கொள்ளும். பாறை, ஓடை, மறுபடியும் பாறை. பள்ளிக்கூடத்துக்குச் சாமான் கொண்டுபோகும் டிராக்டர் வாரம் இரண்டு தடவை ஏறும், அவ்வளவுதான். அதனால் அங்கே தலைமை ஆசிரியராக இருந்தவர்கள் எல்லோரும் திங்கள் முதல் வெள்ளி வரை மேலேயே தங்கினார்கள். பள்ளிக்கூடத்தை ஒட்டி அதற்கென்று ஒரு அறை உண்டு. வேலையில் சேர எட்டு வாரம் இருந்தது.

உத்தரவைப் படித்த மாத்திரத்தில் கண்ணாடிக்காரர் முடிவு கட்டிவிட்டார். "நீ எதுக்கு அங்க போய்க் கிடக்கணும்? காலைல கொண்டுபோய் விட்டுட்டு சாயங்காலம் கூட்டிட்டு வந்துடறேன்."

"பாதை அப்படி இல்லீங்க."

"பாதைய நான் பாத்துக்கறேன். நீ வாய மூடிட்டு வண்டில உக்காந்து வந்தா போதும்."

டீச்சர் "ம்" என்றார். உத்தரவை மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

உள்விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். கண்ணாடிக்காரருக்குப் பயம். ஒரே மகளைக் கட்டிக்கொடுத்து அவள் வேறு ஊருக்குப் போய் ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. டீ வடிகட்டி எந்த டப்பாவுக்குப் பின்னால் இருக்கிறது என்றுகூட அந்த மனுஷருக்குத் தெரியாது. வாரத்தில் ஐந்து நாள் அந்த வீட்டில் தனியாகச் சாப்பிட்டுவிட்டுத் தனியாகப் படுக்க வேண்டும் என்பதுதான் அந்தப் பயம். அதை யாரிடமும் சொல்லவில்லை. அவரா சொல்வார்!

அவரிடம் ஒரு பழைய பிக்கப் இருந்தது. கண்ணாடிக்கடைக்குப் பிக்கப் எதற்கு என்று கேட்காதீர்கள், டீச்சரே கேட்டு அலுத்துப்போன கேள்வி அது. மாதம் ஒருமுறை கண் பார்க்கும் நாற்காலியையும் மெஷினையும் ஏற்றிக்கொண்டு வெளியூர்களுக்குப் போவார். மற்ற நாளெல்லாம் வண்டி வீட்டு வாசலில் வெயில் காயும். அந்த வண்டியில்தான் முதல் ஞாயிற்றுக்கிழமை தனியாக, பாதையைப் பார்த்துவர மலைக்குக் கிளம்பினார். ஓடையைத் தாண்டும்போது ஒரு பெரிய கல்லில் முன் சக்கரம் ஏறியது, 'டக்' என்று ஒரு சத்தம், அத்தோடு சரி. சக்கரத்துக்குச் சுற்று கொடுக்கும் ஷாஃப்ட் இரண்டாகிவிட்டது. டிராக்டர் வந்து கயிறு கட்டி இழுத்துவந்தது.

"என்னாச்சு?" என்றார் டீச்சர்.

"அந்தக் கல்லு தப்பான எடத்துல இருந்துச்சு."

டீச்சருக்கு ஒரு தம்பி. ஊர்க்கோடியில் வெல்டிங் பட்டறை வைத்திருந்தான். வண்டியை அவன் பட்டறைக்குத்தான் தள்ளிக்கொண்டு வந்தார்கள். அடியில் படுத்துப் பார்த்துவிட்டு எழுந்து கையைத் துடைத்தபடி சொன்னான்: "மாமா, இது ரோட்டுக்குப் பண்ணின வண்டி. முன்னாடி ரெண்டு சக்கரமும் தனித்தனிக் கையில தொங்குது. இந்தச் சக்கரம் பள்ளத்துல விழுந்தா அந்தச் சக்கரத்துக்குத் தகவலே போகாது. ரோட்டுல மெத்துனு போகும். பாறைல ஏறினா, ஒண்ணு அந்தரத்துல தொங்கும், இல்லாட்டி ஷாஃப்ட் ஒடையும்."

"அதுக்கு என்ன பண்ணணும் மாப்ள?"

"இத மொத்தமா அறுத்துக் கடாசிட்டு, பழைய ஜீப்புல வருமே, இந்தச் சக்கரத்துலேருந்து அந்தச் சக்கரம் வரைக்கும் ஒரே இரும்பு ஆக்சில், அதப் போடணும். ஒரு பக்கம் கல்லு மேல ஏறினா, அதே ஆக்சில் மறு பக்கத்தத் தரைல அழுத்தும். அப்பதான் நாலு சக்கரமும் மண்ணப் பிடிக்கும்."

"சரி, போடு."

"கடைல போய் வாங்கிட்டு வந்து மாட்டற விஷயம் இல்ல மாமா. வண்டியோட அடிச்சட்டத்த அறுக்கணும், பட்டை ஸ்பிரிங்குக்குப் புதுசா எடம் பண்ணி வெல்டு அடிக்கணும், ஸ்டியரிங் மொத்தத்தையும் மாத்தணும். அரை இஞ்ச் பிசகினா வண்டி நண்டு மாதிரி போகும்."

அரை இஞ்ச் என்று சொல்லியிருக்கக் கூடாது. கண்ணாடிக்காரர் அரை மில்லிமீட்டரில் பிழைப்பு நடத்துகிறவர். அவருக்கு மீசை துடித்தது. "அளவ என்கிட்ட விடு, நெருப்ப நீ பாத்துக்கோ" என்றார். அன்றைக்கே இரண்டு பேரும் பழைய இரும்புக் கிடங்குக்குப் போனார்கள்.

கிடங்குக்காரர் நாலு ஆக்சிலை இழுத்துப் போட்டார். கண்ணாடிக்காரர் ஒவ்வொன்றையும் கண்ணருகே வைத்துக் கண்ணாடி ஃப்ரேம் பார்ப்பது மாதிரி பார்த்தார். துரு தட்டினார், முகர்ந்தார், நுனியைச் சுற்றினார். கிடங்குக்காரர் பொறுமையிழந்து, "சார், இது இரும்பு, பொண்ணு பாக்க வரல" என்றார். கடைசியில் ஒன்றை எடுத்துக்கொண்டு வந்தார்கள். என்ன இருந்தாலும் சரியான ஆக்சில்தான் அது; நடுவில் பல்சக்கரம் இருக்கும் அந்த உருண்டை, பிக்கப்பின் கியர் பெட்டி எந்தப் பக்கம் கம்பியை நீட்டுகிறதோ அந்தப் பக்கத்திலேயே இருந்தது. அது மாறியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

அடுத்த ஏழு வாரமும் கண்ணாடிக்காரர் தலைகால் புரியாமல் திரிந்தார். கடை விடுமுறை நாளில் காலையிலேயே பட்டறை. மற்ற நாளில் கடையை நாலு மணிக்கே சாத்திவிட்டுப் பட்டறை. மச்சினன் பழைய கைகளையும் தாங்கிகளையும் கிரைண்டரால் அறுத்துத் தள்ள, இவர் அறுத்த இடத்தை லென்ஸ் ஓரம் தேய்ப்பது மாதிரி தேய்த்துத் தேய்த்து வழவழப்பாக்கினார். "மாமா, இத யாரும் குனிஞ்சு பாக்கப்போறதில்ல" என்று மச்சினன் தலையில் அடித்துக்கொண்டான். ஆக்சில் லேசாகப் பின்பக்கம் சாய்ந்திருக்க வேண்டும், அப்போதுதான் ஸ்டியரிங் தானாக நேருக்கு வரும் என்று அவன் சொன்னதும், மூக்கு மேல் கண்ணாடி எத்தனை டிகிரி சாய்கிறது என்று அளக்கும் கருவியைக் கடையிலிருந்து கொண்டுவந்து ஆக்சில் மேல் வைத்தார். நம்ப மாட்டீர்கள், அது வேலை செய்தது. வெல்டிங் வைக்க வேண்டிய இடத்தையெல்லாம் லென்ஸில் புள்ளி வைக்கும் பேனாவால் குறித்தார். மச்சினனுக்கு அந்தப் புள்ளி கண்ணுக்கே தெரியவில்லை. "ஒனக்குக் கண்ணாடி தேவப்படுது" என்று சொல்லி, போகிற போக்கில் அவனுக்கும் ஒரு கண்ணாடி மாட்டிவிட்டார்.

வீட்டுக்கு வந்தாலும் இதே பேச்சுத்தான். டீச்சர் நோட்டுத் திருத்திக்கொண்டிருப்பார். இவர் பட்டை ஸ்பிரிங்குக்கு ஏழு தகடு போதுமா எட்டு வேண்டுமா என்று கேட்பார். டயர் எத்தனை இஞ்ச் போடலாம் என்று கேட்பார். சீட்டு உறை என்ன நிறத்தில் வேண்டும் என்றுகூடக் கேட்டார். டீச்சர் எல்லாவற்றுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னார். நடுவில் இரண்டு தடவை, ஏதோ கையெழுத்துப் போட வேண்டும் என்று டிராக்டரில் தொற்றிக்கொண்டு மலைக்குப் போய்வந்தார். "இன்னும் கொஞ்ச நாள்தான், அப்பறம் நீ டிராக்டர் ஏறவே வேணாம்" என்று இவர் தைரியம் சொன்னார்.

வினை வந்தது ஸ்டியரிங்கில். ஸ்டியரிங் பெட்டிக்கு அடியிலிருந்து ஒரு இரும்புக் கை நீட்டிக்கொண்டிருக்கும். அது இடமும் வலமும் அசைந்து கம்பியைத் தள்ளினால்தான் சக்கரம் திரும்பும். முன்பு அந்தக் கை வண்டியின் பின்பக்கம் பார்த்தபடி இருந்தது. இப்போது புது ஆக்சிலின் உருண்டை அதற்கு இடித்தது. ஒரு நாள் முழுக்க யோசித்த கண்ணாடிக்காரர், கையைக் கழற்றி முன்பக்கம் பார்க்கத் திருப்பிப் போட்டுவிட்டார். மயிரிழை இடைவெளியில் அழகாக உட்கார்ந்தது. அளவெல்லாம் அச்சு அசல். ஒரே சங்கதி, கை திரும்பினால் அசைவும் தலைகீழாகும் என்பது இரண்டு பேர் மண்டையிலும் உறைக்கவில்லை.

சோதித்துப் பார்க்காமல் இல்லை. வண்டியை ஜாக்கியில் தூக்கி வைத்து, இவர் சீட்டில் உட்கார்ந்தார். மச்சினன் வண்டிக்கு எதிரே, இவர் முகத்தைப் பார்த்தபடி நின்றான். இவர் ஸ்டியரிங்கை வலப்பக்கம் ஒடித்து, "எந்தப் பக்கம் திரும்புது?" என்று கத்தினார்.

"வலப்பக்கம் மாமா!"

"அப்படிப் போடு!"

அவன் சொன்னது அவனுடைய வலப்பக்கத்தை. எதிரே நிற்கிறவருடைய வலக்கண் தன் இடக்கைப் பக்கம் வரும் என்பதை இருபத்திரண்டு வருஷமாக வைத்துப் பிழைத்தவர், அன்றைக்கு அதைக் கோட்டை விட்டார். வேறு யாராவது செய்திருந்தால் மன்னிக்கலாம்.

டீச்சர் வேலையில் சேர ஒன்பது நாள் இருக்கும்போது, சனிக்கிழமை மத்தியானம், வெள்ளோட்டம். டீச்சர் வந்து நின்றார். பட்டறைக்கு எதிர் டீக்கடையிலிருந்து ஏழெட்டுப் பேர் தம்ளரோடு எழுந்து வந்தார்கள். வண்டி ஒரு முழம் உயர்ந்து, பெரிய டயரில் கம்பீரமாகத்தான் நின்றது. கண்ணாடிக்காரருக்கு வாயெல்லாம் பல். கிளப்பினார். நேராக வாசல் வரை வந்தது. ரோட்டில் வலப்பக்கம் போக வேண்டும். ஸ்டியரிங்கை வலப்பக்கம் திருப்பினார். வண்டி ஒரு கணமும் யோசிக்காமல் இடப்பக்கம் திரும்பி, அங்கே இருந்த தண்ணீர் டிரம்மில் 'டமால்' என்று முட்டியது. தண்ணீர் டீக்கடையிலிருந்து வந்தவர்களின் முழங்கால் வரை தெறித்தது.

கண்ணாடிக்காரர் ஜன்னல் வழியே தலையை நீட்டினார்.

"பிரேக் டெஸ்ட் பண்ணினேன். நல்லாப் பிடிக்குது" என்றார்.

மச்சினனுக்கு அந்தக் கணமே விஷயம் புரிந்துவிட்டது. ஓடி வந்து காதோடு சொன்னான்: "மாமா, தலைகீழாப் போச்சு. ரெண்டு நாள் வேலைதான். பெட்டிய நாலு விரல் முன்னாடி தள்ளி, கைய மறுபடியும் பின்பக்கமாத் திருப்பிப் போட்டா முடிஞ்சது." இவர் ஓரக்கண்ணால் பார்த்தார். டீச்சர் கைகட்டி நின்றுகொண்டிருந்தார். "எதுக்கு? இது ஒரு மாதிரி புது மாடல். பழகிடும்" என்றார் கண்ணாடிக்காரர்.

பழகத்தான் செய்தார், அந்தக் கூத்தையும் கேளுங்கள். ஊருக்கு வெளியே காலியாகக் கிடந்த ஒரு பெரிய மைதானத்தில் ஆறு நாள், சாயங்காலமானால் வண்டியோடு ஆஜர். வலப்பக்கம் போக இடப்பக்கம் ஒடி, இடப்பக்கம் போக வலப்பக்கம் ஒடி. முதல் நாள் குப்பைத்தொட்டியைச் சாய்த்தார். இரண்டாம் நாள் அதே தொட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு மறுபடியும் சாய்த்தார். ஐந்தாம் நாள் எட்டுப் போட ஆரம்பித்துவிட்டார். சும்மா சொல்லக்கூடாது, கெட்டிக்காரர்தான். அந்தக் கெட்டிக்காரத்தனத்தில் கால்வாசியைச் செலவழித்தால் வண்டியைச் சரிபண்ணியிருக்கலாம் என்று மச்சினன் மைதானத்து ஓரத்தில் உட்கார்ந்து புலம்பினான்.

வெள்ளிக்கிழமை டீச்சரே மைதானத்துக்கு வந்தார். ஏறிப் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்து, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டார். "ஒரு ரவுண்டு போங்க."

போனார். பிரமாதமாகப் போனார். இரண்டாவது எட்டை முடிக்கும்போது புதருக்குள்ளிருந்து ஒரு நாய் குறுக்கே பாய்ந்தது. கண்ணாடிக்காரருக்குத் தூக்கிவாரிப்போட்டது. கை ஆறு நாளில் பழகியதை மறந்து, முப்பது வருஷமாகப் பழகியதைச் செய்தது. வண்டி நாயை விட்டு விலகுவதற்குப் பதிலாக நாயைத் தேடிக்கொண்டு போனது. பிரேக் போட்டு நிறுத்தினபோது பம்பருக்கும் நாய்க்கும் நடுவே ஒரு சாண். நாய் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு மெதுவாக நடந்து போனது.

டீச்சர் முன்கண்ணாடி வழியாக நாய் போவதைப் பார்த்தபடி சொன்னார்:

"நெதானமா இருக்கறப்ப எல்லாம் பழகிடும்ங்க. பயந்துட்டா கை எந்தப் பக்கம் போகும்னு இப்பத் தெரிஞ்சுபோச்சு. மலைல ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம்."

அவர் சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்தார்.

"ஒரே ஒரு வார்த்த சொல்லுங்க. ஊருக்குச் சொல்ல வேணாம், எனக்கு மட்டும் சொல்லுங்க. திங்கக்கெழம நான் இந்த வண்டில ஏறறேன்."

அவருக்கும் சொல்லிவிடத்தான் ஆசை. தொண்டை வரை வந்தது. டீச்சர் காத்திருந்தார்.

"அந்த நாய்," என்றார் கண்ணாடிக்காரர், "தப்பான பக்கம் ஓடிடுச்சு."

டீச்சர் கதவைத் திறந்து இறங்கி, கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தார். ஒரு தடவையும் திரும்பிப் பார்க்கவில்லை.

கண்ணாடிக்காரர் மைதானத்தின் நடுவில் வண்டிக்குள்ளேயே உட்கார்ந்திருந்தார். திங்கட்கிழமை டீச்சர் டிராக்டரில் ஏறிப் போவதும், மலை மேல் தங்கிவிடுவதும், தான் சாப்பாட்டு மேசையில் லென்ஸ் பெட்டிகளுக்கு எதிரே உட்கார்ந்திருப்பதும் அவர் கண்ணுக்குள் படம் மாதிரி ஓடின. வண்டியை முதல் கியரில் உருட்டிக்கொண்டு பட்டறைக்குப் போனார்.

"என்ன மாமா?"

"அந்தக் கை முன்னாடி நீட்டிட்டு இருக்கறது பாக்க அவ்வளவா நல்லால்ல மாப்ள. பின்னாடி திருப்பிப் போட்டா கொஞ்சம் அழகா இருக்கும்."

மச்சினன் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டு கிரைண்டரை எடுத்தான். சனி முழுக்கவும் ஞாயிறு மத்தியானம் வரையும் வேலை நடந்தது. இந்தத் தடவை கண்ணாடிக்காரர் யாரையும் எதிரே நிற்கவிடவில்லை. தானே ஸ்டியரிங்கைத் திருப்பி, தானே இறங்கி, வண்டியின் பின்னாலிருந்து குனிந்து சக்கரத்தைப் பார்த்தார். பதினோரு தடவை பார்த்தார்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே போய், "ஸ்டியரிங்க கொஞ்சம் சரி பண்ணியிருக்கேன்" என்றார்.

"ஏன், எது சரியில்லாம இருந்துச்சு?"

"முன்னாடியும் சரிதான். இது இன்னும் கொஞ்சம் சரி."

டீச்சருக்குக் கோபம் வர வேண்டிய இடத்தில் சிரிப்பு வந்துவிட்டது. என்ன செய்வது, இருபத்தாறு வருஷம்! "ஏறறேன். என் தம்பி வச்ச வெல்டிங்க நம்பி ஏறறேன்" என்றார்.

திங்கட்கிழமை காலை ஆறரைக்குக் கிளம்பினார்கள். டீச்சர் ஒரு பெரிய பை, ஒரு சின்னப் பை வைத்திருந்தார். பள்ளிக்கூடத்துச் சாமான் என்று நினைத்து இவரே தூக்கிப் பின்னால் வைத்தார். தார்ச்சாலையில் வண்டி கொஞ்சம் குலுக்கியது. பழைய மெத்துமெத்துப்பு போய்விட்டது. ஓடைக்குள் இறங்கியதும் கதையே மாறியது. ஷாஃப்டை ஒடித்த அதே கல்லில் முன்சக்கரம் ஏறியது; மறு சக்கரம் தரையை அழுத்திப் பிடித்தது; வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து, முனகி, ஏறி, இறங்கி, மறுகரையில் போய் நின்றது. அதற்கப்புறம் படிக்கட்டு மாதிரி மூன்று பாறை. ஒவ்வொன்றும் முழங்கால் உயரம். மெதுவான கியரில் போட்டுவிட்டு ஆக்சிலேட்டரைத் தொடாமலே விட்டார். முதல் பாறை, இரண்டாவது, மூன்றாவது. வண்டி கிழவி மாடி ஏறுவது மாதிரி அவசரமில்லாமல் ஏறிவிட்டது.

"ஹேய்!" என்று கண்ணாடிக்காரர் சின்னப் பையன் மாதிரி கத்தினார். "பாத்தியா? பாத்தியா நீ?"

கைப்பிடியை இறுக்கிப் பிடித்திருந்த டீச்சர், "நல்லாத்தான் ஏறுது" என்றார். அவர் வாயிலிருந்து அது வந்தால் நூற்றுக்குத் தொண்ணூறு என்று அர்த்தம். கண்ணாடிக்காரருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. மிச்ச வழியெல்லாம் அவர் பேச்சுத்தான். தினமும் ஆறரைக்குக் கிளம்பலாம், சாயங்காலம் நாலரைக்கு வந்து நிற்பேன், ஐந்தரைக்கு வீடு, டீ குடித்துவிட்டு நீ நோட்டுத் திருத்து, நான் லென்ஸ் தேய்க்கிறேன், எப்போதும் போல. டீச்சர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்தார்.

பள்ளிக்கூடம் நாலு வகுப்பறையும் ஒரு கொடிக்கம்பமுமாக மலை முகட்டில் இருந்தது. அதை ஒட்டி அந்த அறை. இவர் பைகளைத் தூக்கிக்கொண்டு, "ஆபீஸ் எங்க?" என்றார். டீச்சர் கைப்பையிலிருந்து ஒரு சாவியை எடுத்து அறைக் கதவைத் திறந்தார்.

உள்ளே சுவருக்குப் புதிதாக வெள்ளையடித்திருந்தது. ஒரு கட்டில், மேலே உதறி விரித்த போர்வை. ஜன்னலுக்கு நீலத் திரை. வீட்டில் டீச்சர் ஒரு மாதமாகத் தைத்துக்கொண்டிருந்த துணி அது, மகளுக்கு என்று இவர் நினைத்திருந்தார். ஜன்னலை ஒட்டி ஒரு மேசை. மேசை மேல் ஒரு விளக்கு, சிவப்புப் பேனா, நாலைந்து புத்தகம். மேசையில் வேறு ஒன்றுமே இல்லை. அதற்குப் பொருத்தமாக ஒரே ஒரு நாற்காலி.

கண்ணாடிக்காரர் பைகளைக் கீழே வைக்க மறந்து நின்றார்.

"எப்ப இதெல்லாம்?"

"கையெழுத்துப் போட வந்தேன்ல, அப்ப."

"அப்ப நான் எட்டு வாரமா..."

"நானும் சொல்லியிருக்கணும்ங்க. தெனமும் சொல்லணும்னு நெனப்பேன். நீங்க அந்த ஆக்சிலப் பத்திப் பேசிட்டு வருவீங்க. நம்ம பொண்ணு பொறந்தப்பகூட உங்க முகத்துல அப்படி ஒரு சந்தோஷத்த நான் பாக்கல. எப்படிச் சொல்றது, சொல்லுங்க?" டீச்சர் மேசையின் மேல் உள்ளங்கையை வைத்துத் தடவினார். "பொறந்த வீட்டுல அஞ்சு பேருக்கு ஒரு ரூம். அப்பறம் ஹாஸ்டல். அப்பறம் உங்க வீடு. நான் ஒரு நாள்கூட தனியா ஒரு ரூம்ல தூங்கினதில்லங்க. உங்க ரேடியோ இல்லாம ஒரு நோட்டு திருத்திப் பாக்கணும்னு ஆசை. அவ்வளவுதான்."

"என்கிட்டச் சொல்லியிருந்தா..."

"நீங்க என்கிட்ட எல்லாம் கேட்டீங்க. ஏழு தகடா எட்டுத் தகடான்னு கேட்டீங்க. டயர் எத்தன இஞ்சுன்னு கேட்டீங்க. சீட்டு உறை என்ன கலர்னு கேட்டீங்க. 'நீ தெனமும் எறங்கி வர்றியா'ன்னு மட்டும் கேக்கவே இல்ல."

கண்ணாடிக்காரருக்கு முகம் தொங்கிப்போனது. கோபம்தான் முதலில் வந்தது. இத்தனை இரும்பை அறுத்து ஒட்டினது எதற்காக என்று வந்தது. அப்புறம் அந்த மேசையைப் பார்த்தார். யாருடைய பெட்டியும் இல்லாத மேசை. வீட்டில் முழங்கையை ஒடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்த டீச்சர் அவருக்கு இப்போதுதான் தெரிந்தார். தினமும் எதிரே உட்கார்ந்து பார்த்த காட்சி, அவர் கண்ணில் படாமலே போயிருக்கிறது.

"தப்புதான்" என்றார்.

டீச்சர் கட்டிலில் தொப்பென்று உட்கார்ந்துவிட்டார். "என்ன சொன்னீங்க?"

"தப்பு பண்ணிட்டேன். கேட்டிருக்கணும். வீட்ல தனியா இருக்கப் பயந்துக்கிட்டு, ஒன்னக் கேக்காமலே இத்தனையும் பண்ணிட்டேன்."

டீச்சர் சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பு பாதியில் கண்ணீராகிவிட்டது. முந்தானையால் துடைக்கத் துடைக்க வந்துகொண்டே இருந்தது. "இன்னொரு தடவ சொல்லுங்க."

"அதெல்லாம் ஒரு தடவதான்." பைகளை இறக்கி வைத்துவிட்டுத் தொண்டையைச் செருமிக்கொண்டார். "சரி, இப்பக் கேக்கறேன். தெனமும் எறங்கி வர்றியா?"

"மாட்டேன்" என்றார் டீச்சர். "வெள்ளிக்கெழம சாயங்காலம் வந்து கூட்டிட்டுப் போங்க. நடுவுல புதன்கெழம வாங்க. இங்கயே சாப்பிட்டுட்டு, தங்கிட்டு, காலைல கடைக்குப் போங்க. வண்டி சும்மாவா ஏறுது? வரும்போது ஒரு நாற்காலி கொண்டு வாங்க."

"இங்கதான் ஒண்ணு இருக்கே."

"அது எனக்கு."

முதல் மணி அடித்தது. டீச்சர் முகத்தைக் கழுவிக்கொண்டு வகுப்புக்குப் போனார். கண்ணாடிக்காரர் வண்டியில் ஏறினார். பக்கத்துச் சீட்டு காலியாக இருந்தது. எஞ்சினைக் கிளப்பினார். வண்டி நாலு அடி போனதும் பிரேக் போட்டு, இறங்கி, விடுவிடுவென்று நடந்து முதல் வகுப்பறையின் ஜன்னலில் போய் நின்றார். முப்பது பிள்ளைகளும் திரும்பிப் பார்த்தார்கள்.

"கை வச்ச நாற்காலியா, கை வைக்காததா?" என்று கேட்டார்.